பாலத்தை எந்தக் கோணத்தில் எடுப்பது? சீனாவைக் காட்டும் பயணப் படங்கள்: விவாத இழை

திண்ணைப்பயணி எழுதியது:

அவையோருக்கு வணக்கம். ஒரு மாதமாக இரவுச் சாப்பாடு முடிந்ததும் சீனாவைப் பற்றிய பயணப் படங்களையே பார்த்து வருகிறேன். பெரிய தொலைக்காட்சிகளின் ஆவணப்படங்கள், தனியாள் எடுத்த யூடியூப் காணொளிகள் என்று முப்பதுக்குக் குறையாமல் பார்த்தாயிற்று. பத்தாவது படத்துக்குப் பிறகு, அடுத்து என்ன வரும் என்பதை என் மனைவியே சமையலறையிலிருந்து சொல்லத் தொடங்கிவிட்டார். ட்ரோன் மேலெழும், பெருஞ்சுவர் மலைமுகட்டில் வளைந்து போகும். அதிவேக ரயிலின் சன்னல் விளிம்பில் ஒரு நாணயம் விழாமல் நிற்கும். இரவுச் சந்தையில் குச்சியில் செருகிய தேளை ஒருவர் முகத்தைச் சுளித்துக்கொண்டே கடிப்பார். கடைசிப் பத்து நிமிடங்களில் மட்டும் படங்கள் இரண்டு வழியாகப் பிரிகின்றன. ஒரு வகை, ‘எதிர்காலத்திலேயே வாழும் நாடு’ என்று வியந்து முடிகிறது. மற்றொரு வகை, மின்கம்பத்தில் இருக்கும் கண்காணிப்புக் கேமராவை அண்மைக் காட்சியில் காட்டி, அடிநாதமாக ஓர் இருண்ட இசையை ஓடவிட்டு முடிகிறது.

அங்கே போய்வந்தவர்களையும் திரைப்படம் அறிந்தவர்களையும் ஒன்று கேட்க விரும்புகிறேன். பயணப் படம் என்பது ஊர் காட்டும் படம். அதற்குள் அரசியல் எந்த இடத்தில் நுழைகிறது? வருணனை உரையிலா, படத்தொகுப்பிலா, அல்லது கேமராவை ஊன்றும் இடத்திலேயேவா?

---

பொறியாளர்_சேலம் எழுதியது:

நாணயம் நிற்பது உண்மைதானே ஐயா? 2008-இல் பெய்ஜிங்குக்கும் தியான்ஜினுக்கும் இடையே மணிக்கு 350 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு தடத்தைத் திறந்தவர்கள், 2024-இன் இறுதிக்குள் 48,000 கிலோமீட்டர் அதிவேகத் தடம் போட்டு முடித்திருக்கிறார்கள். இதைக் காட்டுவதில் என்ன அரசியல் இருக்கிறது? ரயிலைக் காட்டினால் பிரசாரம், கேமராவைக் காட்டினால் நேர்மை என்கிற அளவுகோலைத்தான் முதலில் கேள்வி கேட்க வேண்டும் என்பது என் கருத்து.

---

செவ்வானம் எழுதியது:

திண்ணைப்பயணி அவர்கள் கேட்ட கேள்விக்காக ஓர் அரசே ஒரு திரைப்பட இயக்குநர்மீது நாடு தழுவிய இயக்கம் நடத்தியிருக்கிறது என்பதால், அந்தக் கதையைச் சற்று விரிவாகவே சொல்கிறேன். எங்கள் ஊர்த் திரைப்படச் சங்கத்தில் இதைப் பற்றி ஒரு முறை பேசியிருக்கிறேன்.

1972-இல் இத்தாலியத் தொலைக்காட்சிக்காக மிக்கேலாஞ்சலோ ஆன்டோனியோனி சீனாவுக்குச் சென்றார். கலாசாரப் புரட்சி முடிந்திராத காலம். அமெரிக்க அதிபர் நிக்சன் பெய்ஜிங்குக்கு வந்துபோன அதே ஆண்டு. சீன அரசின் அழைப்பும் அனுமதியும் இருந்தன. உடன் வர வழிகாட்டிகளும் இருந்தார்கள். பெய்ஜிங், ஹெனான் மாநிலத்தின் லின்சியன், சூச்சோ, நான்ஜிங், ஷாங்காய் என்று சில வாரங்கள் சுற்றி, ‘சுங் குவோ’ (சீனா) என்ற பெயரில் ஏறத்தாழ மூன்றரை மணி நேரப் படம் ஒன்றை எடுத்தார். ‘சீனாவை விளக்குவதாக நாங்கள் சொல்லிக்கொள்ளவில்லை, முகங்களையும் அசைவுகளையும் பழக்கவழக்கங்களையும் பார்க்க வந்திருக்கிறோம்’ என்ற பொருளில்தான் வருணனையே தொடங்குகிறது.

1974 ஜனவரி 30-இல் ஆளும் கம்யூனிஸ்ட் கட்சியின் ஏடான ‘மக்கள் நாளிதழ்’ இந்தப் படத்தைத் தாக்கி நீண்ட கட்டுரை ஒன்றை வெளியிட்டது. ‘தீய நோக்கம், இழிந்த தந்திரம்’ என்பது அதன் தலைப்பு. குற்றச்சாட்டுகளைப் படித்தால், ஒரு வரிகூட வருணனை உரையைப் பற்றியதாக இல்லையோ என்று தோன்றும் அளவுக்கு, கேமரா நின்ற இடத்தைப் பற்றியே பேசுகிறார்கள். தியனன்மென் சதுக்கத்தின் முழு விரிவையும் காட்டாமல், அங்கே நின்ற மக்களை மட்டும் நெருக்கிக் காட்டிச் சந்தைக்கடைபோல் ஆக்கிவிட்டார் என்பது ஒன்று. புரட்சி ஓப்பெரா ஒன்றின் பாட்டைப் பன்றிகள் தலையாட்டும் காட்சியில் ஒலிக்கவிட்டார் என்பது இன்னொன்று. எல்லாவற்றிலும் ஆறாத புண்ணாக இருந்தது நான்ஜிங்கின் யாங்சி ஆற்றுப் பாலம். அந்தப் பாலத்தைக் கோணலாகவும் தள்ளாடுவதாகவும் தோன்றும்படி மோசமான கோணங்களிலிருந்து எடுத்தார், பாலத்தின் கீழே காயப்போட்ட காற்சட்டையை வேண்டுமென்றே நடுவில் நுழைத்தார் என்று எழுதினார்கள்.

இதைக் கேட்டுச் சிரிப்பது எளிது. நானும் முதலில் சிரித்தேன். ஆனால் அந்தப் பாலத்தின் கதை தெரிந்தபின் சிரிப்பு அடங்கிவிட்டது. சோவியத் ஒன்றியத்துடன் உறவு முறிந்து, அங்கிருந்து வரவேண்டிய எஃகு வராமல் போனபின், உள்நாட்டிலேயே எஃகு காய்ச்சி, தம் பொறியாளர்களைக் கொண்டே கட்டி, 1968-இல் திறந்த பாலம் அது. கீழடுக்கில் ரயில், மேலடுக்கில் சாலை. சாலைப் பகுதி நான்கரை கிலோமீட்டருக்கும் மேல் நீள்கிறது. வெளிநாட்டு உதவியின்றிக் கட்டினோம் என்பதற்கு அந்த நாட்டு மக்கள் காட்டக்கூடிய சான்றாக அதுவே இருந்தது. அத்தகைய ஒன்றை நேர்முகமாக, முழுமையாக, நல்ல வெளிச்சத்தில் காட்டுவதே மரியாதை என்று அவர்கள் கருதினார்கள். கல்யாண வீட்டுப் புகைப்படத்தில் பாட்டியைப் பக்கவாட்டில், வாயைத் திறந்தபடி எடுத்தால் நம் வீட்டில் என்ன நடக்குமோ, அதுதான் அங்கே நடந்தது. ஆன்டோனியோனிக்கோ, பாலத்தைவிட அதன்கீழே துணி உலர்த்தும் வாழ்க்கைதான் கண்ணில் பட்டது.

உள்நாட்டு அரசியல் ஒன்றும் இதில் கலந்திருந்தது. மாவோவின் மனைவி ஜியாங் சிங் தரப்பினர் பிரதமர் சூ என்லாயைக் குறிவைக்கவே, அவர் காலத்து அழைப்பின் பேரில் வந்த இயக்குநரை அடித்தார்கள் என்று பரவலாகக் கருதப்படுகிறது. படத்தைப் பார்த்தே இராத தொழிலாளர்களும் மாணவர்களும் கூட்டம் கூட்டமாக அமர்ந்து அதைக் கண்டித்தார்கள். பெய்ஜிங்கில் அது திரையிடப்பட 2004 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

எனவே என் விடை: அரசியல் கேமராவை ஊன்றும் இடத்திலேயே நுழைந்துவிடுகிறது. வருணனை பின்னால் வந்து சேர்வது.

---

பொறியாளர்_சேலம் எழுதியது:

நல்ல பதிவு அம்மா. பாலத்தின் கதை எனக்குத் தெரியாது. ஆனால் நீங்கள் சொன்னதே என் பக்கத்துக்கும் சான்றாகிறது. வேறு நாட்டவர் வந்து காற்சட்டையைத் தேடி எடுத்தால் அது கலை, அந்த நாட்டவரே பாலத்தை எடுத்தால் அது பிரசாரமா?

---

குரல்பதிவாளன் எழுதியது:

நான் ஒன்பது ஆண்டுகள் பயண ஆவணப்படங்களுக்குத் தமிழ்க் குரல்பதிவு உரை எழுதிப் பிழைத்தவன். எந்தத் தொலைக்காட்சி என்று கேட்காதீர்கள். இன்னும் சில நண்பர்கள் அங்கே வேலை பார்க்கிறார்கள். செவ்வானம் அவர்கள் வருணனை பின்னால் வருவது என்று சொன்னதில் எனக்கு ஒரு மாற்றுக் கருத்து உண்டு. பின்னால் வருவது முன்னால் வந்ததை விழுங்கிவிடும் என்பதை என் கையாலேயே செய்திருக்கிறேன்.

திபெத்தியப் பகுதியின் மடம் ஒன்றைப் பற்றிய ஒரு பகுதி எனக்கு வந்தது. ஆங்கில மூலத்தில், அறுபதுகளில் கலாசாரப் புரட்சியின் இளைஞர் படையான செங்காவலர்கள் அந்த மடத்தை இடித்தார்கள், எண்பதுகளில் ஊர்மக்கள் திரும்பக் கட்டினார்கள் என்று இரண்டே வாக்கியங்கள் இருந்தன. அதன்பின் நாற்பது விநாடிகளுக்குப் பேச்சே இல்லை. ஒரு முதியவர் வெண்ணெய் விளக்கின் திரியைத் தூண்டிவிட்டுக்கொண்டிருப்பார், அவ்வளவுதான். நான் அப்படியே மொழிபெயர்த்து அனுப்பினேன். இரண்டு திருத்தங்களோடு திரும்பி வந்தது. முதல் திருத்தம், ‘அரசியல் வேண்டாம், காலத்தின் கோலத்தால் சிதைந்த மடம் என்று போடவும்’ என்பது. இரண்டாவது, ‘மௌனம் நீளமாக இருக்கிறது, பார்வையாளர் சேனலை மாற்றிவிடுவார், ஏதாவது மர்மம் சேர்க்கவும்’ என்பது. ‘இந்த விளக்கொளியில் எத்தனை எத்தனை ரகசியங்கள் உறங்குகின்றனவோ’ என்று எழுதினேன். அந்த வரி அப்படியே ஒளிபரப்பானது. கல்லையும் மண்ணையும் சுமந்து அதைத் திரும்பக் கட்டிய மனிதர்கள் தமிழில் காணாமல் போனார்கள்.

இதில் சீன அரசின் தணிக்கை எதுவும் இல்லை. இங்கே, குளிரூட்டிய ஓர் அறையில், நானும் ஒரு தயாரிப்பாளரும் சேர்ந்து செய்த வேலைதான். சீனாவைப் பற்றிய படம் என்றால் ‘டிராகன் தேசம்’ என்று தொடங்க வேண்டும் என்பதும், அரை மணி நேரத்துக்கு நான்கு ‘மர்மம்’ வேண்டும் என்பதும் எழுதப்படாத சட்டங்கள்.

---

திண்ணைப்பயணி எழுதியது:

‘காலத்தின் கோலம்’! இதே சொல்லை எத்தனை படங்களில் கேட்டிருக்கிறேன். இனி ஒவ்வொரு முறையும் அதன் பின்னால் யார் இருந்தார்கள் என்று தேடத் தோன்றும். அந்தத் தேளைப் பற்றியும் யாராவது சொல்லுங்கள்.

---

ஈப்போத் தமிழன் எழுதியது:

தேளைச் சுருக்கமாக முடித்துவிடலாம். பெய்ஜிங்கின் வாங்ஃபுஜிங் வட்டாரத்தில் அதை வாங்கியவர்களில் பெரும்பாலோர் வெளியூர்ச் சுற்றுலாப் பயணிகள்தாம். உள்ளூர்க்காரர் இரவுச் சாப்பாட்டுக்கு அதைத் தேடிப் போவதில்லை. அங்கிருந்த புகழ்பெற்ற டோங்ஹுவாமென் இரவுச் சந்தை 2016-இலேயே மூடப்பட்டுவிட்டது. படங்களில் மட்டும் அந்தத் தேள் இன்னும் சாகவில்லை.

நான் சொல்ல வந்தது சோங்சிங் நகரத்தைப் பற்றி. மலேசியர்களுக்கு 2023 டிசம்பர் முதல் விசா தேவையில்லை என்றானதும் எங்கள் ஊரிலிருந்து ஆட்கள் கூட்டம் கூட்டமாகக் கிளம்பினார்கள். நானும் குடும்பத்தோடு போனேன். கட்டடத்துக்குள் புகுந்து வெளியேறும் ரயிலை எல்லாரும் காணொளிகளில் பார்த்திருப்பீர்கள். லீசிபா என்ற நிலையம் அது. பத்தொன்பது மாடிக் குடியிருப்பு. ஆறாவது மாடி முதல் எட்டாவது மாடி வரை நிலையம். குடியிருப்பைத் துளைத்துத் தண்டவாளம் போட்டார்கள் என்றும், குடியிருப்பவர்களின் பேச்சு எடுபடவில்லை என்றும் ஒரு காணொளி சொன்னது. இடப் பற்றாக்குறையை வென்ற உலக அதிசயம் என்று இன்னொன்று சொன்னது. உண்மை இரண்டையும்விடச் சாதுவானது. கட்டடத்தையும் நிலையத்தையும் ஒரே காலத்தில், ஒன்றாகத் திட்டமிட்டுத்தான் கட்டினார்கள். ஒற்றைத் தண்டவாள ரயில், ரப்பர் சக்கரங்கள். ஆகவே நாம் எதிர்பார்க்கும் தடதடப்பும் இல்லை.

கீழே சாலையோரத்தில் அதைப் பார்ப்பதற்கென்றே ஒரு மேடை அமைத்திருக்கிறார்கள். நாங்கள் போன நேரத்தில் முந்நூறு பேராவது நின்றிருப்பார்கள். எல்லாரும் ஒரே திசையில் திரும்பி, வாயைப் பிளந்துகொண்டு நிற்கிறார்கள். ரயில் கட்டடத்திலிருந்து வெளிவரும்போது, அதை விழுங்குவதுபோல் படம் எடுக்க வேண்டுமாம். என் இளைய மகளும் வாயைத் திறந்தாள், நானும் எடுத்தேன். மேடையின் பின்புறம் ஓர் அம்மாள் தோளில் மூங்கில் காவடித்தடியோடு ஆரஞ்சுப் பழம் விற்றுக்கொண்டிருந்தார். மலைச்சரிவு நகரம் அல்லவா, ஒரு காலத்தில் அந்தத் தடியைத் தோளில் வைத்துச் சரக்குச் சுமப்பதே பெரும் பிழைப்பாக இருந்த ஊர். முந்நூறு கேமராக்களில் ஒன்றுகூட அவர் பக்கம் திரும்பவில்லை. வீட்டுக்கு வந்து பார்த்தால், என் கைப்பேசியிலும் அவர் இல்லை.

---

செவ்வானம் எழுதியது:

பொறியாளர் ஐயாவின் கேள்விக்கு விடை சொல்ல வேண்டும். அந்த நாட்டவரே எடுத்தால் பிரசாரம்தான் என்று நான் சொல்லவில்லை. 1988-இல் சீன மத்தியத் தொலைக்காட்சியே ஆறு பகுதிகளாக ஒளிபரப்பிய ‘ஹெ ஷாங்’ தொடரைப் பாருங்கள். மஞ்சள் ஆற்றின் வழியே நாட்டைச் சுற்றிக் காட்டும் தொடர்போல் தொடங்கி, மஞ்சள் ஆறு, பெருஞ்சுவர், டிராகன் ஆகிய மூன்றையும் பெருமையின் சின்னங்களாக அல்லாமல், தேங்கிப்போன ஒரு நாகரிகத்தின் அடையாளங்களாகக் காட்டியது. பெருஞ்சுவர் வலிமையின் சின்னமல்ல, உலகத்தைக் கண்டு அஞ்சிக் கதவடைத்துக்கொண்டதன் சின்னம் என்று சொன்னது. எந்த வெளிநாட்டுப் படமும் அந்தச் சுவரைப் பற்றி அவ்வளவு கடுமையாகப் பேசியதாக நான் அறியேன். அதில் கடல் நீலம் விடுதலையாகவும், மண்ணின் மஞ்சள் சிறையாகவும் வருகிறது. மேற்கை அளவுக்கு மீறி வியக்கிறது என்ற குறையும் நியாயமானதே. மறு ஆண்டு தியனன்மென் சதுக்கத்து மாணவர் போராட்டம் ஒடுக்கப்பட்டபின் தொடர் தடைசெய்யப்பட்டது. அதை எழுதியவர்களில் முதன்மையானவரான சூ சியாவ்காங் நாட்டைவிட்டுத் தப்ப நேர்ந்தது.

அதே தொலைக்காட்சி 2012-இல் உணவை வைத்து நாட்டைச் சுற்றிக் காட்டிய தொடரில் கருத்துச் சண்டை எதுவும் இல்லை. காளானைத் தோண்டுகிறார்கள், தாமரைத் தண்டைச் சேற்றிலிருந்து பிடுங்குகிறார்கள், மூங்கில் குருத்தை வெட்டுகிறார்கள். அருமையான படப்பிடிப்பு. நகரத்துக்குப் பிழைக்கப் போனவர்களின் ஏக்கத்தையே நாட்டுப்பற்றாகச் சமைத்துப் பரிமாறும் கைத்திறன் அதில் இருக்கிறது. எனக்கும் பசித்தது என்பதை மறைக்க விரும்பவில்லை.

---

பொறியாளர்_சேலம் எழுதியது:

பெருஞ்சுவர் என்றதும் என் அனுபவம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இயந்திரம் வாங்கும் வேலையாக நிங்சியாவின் யின்சுவான் நகரத்தில் மூன்று வாரங்கள் தங்கியிருந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை, பெருஞ்சுவர் பார்க்கலாம் என்று ஓட்டுநர் அழைத்துச் சென்றார். ஓர் இடத்தில் வண்டியை நிறுத்தி, அதோ என்று கை காட்டினார். எனக்கு எதுவும் தெரியவில்லை. திரும்பவும் காட்டினார். நம் ஊர் ஏரிக்கரையைப்போல் ஒரு மண்மேடு, ஆங்காங்கே கரைந்து, மேலே முள் முளைத்து, நெடுக ஓடிக்கொண்டிருந்தது. மண்ணை அடுக்கடுக்காகக் கொட்டி இடித்து இறுக்கிய சுவர் அது. விரல் வைத்துப் பார்த்தால் ஒவ்வொரு அடுக்கும் தனியாகத் தெரிந்தது. அடிவாரத்தைக் குடைந்து யாரோ ஆட்டுக்குக் கொட்டில் போட்டிருந்தார்கள். நான் ஏமாந்துபோனதைப் பார்த்து ஓட்டுநருக்குக் கொஞ்சம் வருத்தம்.

பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். 2012-இல் அந்த நாட்டு அரசு வெளியிட்ட அளவீட்டின்படி எல்லாக் காலத்துச் சுவர்களும் சேர்ந்து 21,196 கிலோமீட்டர். படங்களில் நாம் பார்ப்பதெல்லாம் பெய்ஜிங்குக்கு அருகே, மிங் காலத்துச் செங்கல் சுவரின் சில கிலோமீட்டர்கள். அதிலும் படாலிங் பகுதி 1950-களில் பழுதுபார்த்துத் திறக்கப்பட்டது. நிலவிலிருந்து தெரியும் என்ற கதையை, 2003-இல் விண்வெளிக்குச் சென்று திரும்பிய யாங் லீவெய், தம் கண்ணுக்குத் தெரியவில்லை என்று சொல்லி முடித்துவைத்தார். அதற்குப் பிறகு வந்த படங்களிலும் அந்த நிலவு வசனம் வருகிறது. ஆக, இந்த விஷயத்தில் செவ்வானம் அவர்களோடு பாதி உடன்படுகிறேன். ஆனால் மண்சுவரைக் காட்டாததற்குக் காரணம் சதியல்ல. அழகாக இல்லை, அவ்வளவுதான்.

இன்னொன்று. 2021 வாக்கில் சீன இணையவாசிகள் பிபிசியின்மீது ஒரு குற்றச்சாட்டு வைத்தார்கள். ஊகானைப் பற்றிய செய்திப்படத்தில் வேண்டுமென்றே நிறத்தை மங்கடித்து, நகரத்தையே எமலோகம்போல் காட்டுகிறார்கள் என்று சொல்லி, அதற்கு ‘எமலோக வடிகட்டி’ என்ற பொருளில் ஒரு பெயரே வைத்தார்கள். சாம்பல் நிறத்தைக் கூட்டுவது கேமராவின் கோணமா, தொகுப்பறையின் கைவேலையா?

---

குரல்பதிவாளன் எழுதியது:

கைவேலைதான் ஐயா. ஆனால் அதே அறையில், அதே மென்பொருளில், மறுபக்கத்துக்கும் வடிகட்டி இருக்கிறது. சுற்றுலா வளர்ச்சிக்காக எடுக்கும் படங்களில் வானத்தின் நீலத்தையும் நெல்வயலின் பச்சையையும் எவ்வளவு ஏற்றுவார்கள் என்று அருகில் இருந்து பார்த்திருக்கிறேன். எமலோகம் ஒருபுறம், இந்திரலோகம் மறுபுறம்; பூலோகத்துக்குத்தான் அங்கே பொத்தான் இல்லை.

---

செவ்வானம் எழுதியது:

சின்ஜியாங்கைப் பற்றிப் பேசாமல் இந்த இழையை முடிக்க முடியாது. காஷ்கர் நகரத்தின் பழைய குடியிருப்புகளை நிலநடுக்கப் பாதுகாப்பு என்ற காரணம் சொல்லி 2009 முதல் பெருமளவில் இடித்து, பழைய சாயலிலேயே புதிதாகக் கட்டினார்கள். மண்வீடுகள் நிலநடுக்கத்தில் ஆபத்தானவை என்பது பொய்யல்ல. பல தலைமுறைகளாக உய்குர் என்ற முஸ்லிம் சிறுபான்மை இனத்துக் குடும்பங்கள் நெருங்கி வாழ்ந்த சந்துகளின் அமைப்பு அதோடு போயிற்று என்பதும் பொய்யல்ல. இன்று அங்கே போகும் பயணக் காணொளிக்காரர்கள் அந்தப் புதிய தெருவை ‘இரண்டாயிரம் ஆண்டுப் பழமை’ என்று காட்டுகிறார்கள். தந்தூரி அடுப்பிலிருந்து ‘நான்’ ரொட்டி வருகிறது, சதுக்கத்தில் நடனம் ஆடுகிறார்கள். ‘எல்லாம் இயல்பாகத்தான் இருக்கிறது, செய்திகளில் சொல்வது எதையும் நான் பார்க்கவில்லை’ என்று முடிக்கிறார்கள்.

பார்க்கவில்லை என்பது உண்மையாகவே இருக்கலாம். பூட்டிய கதவின் உட்புறத்தைச் சுற்றுலாப் பயணி எப்படிப் பார்ப்பார்? உய்குர்களைப் பெருமளவில் தடுத்துவைத்தது முதலாக அங்கே நடந்தவை மனிதகுலத்துக்கு எதிரான குற்றங்களாக இருக்கக்கூடும் என்று ஐ.நா. மனித உரிமை அலுவலகம் 2022 ஆகஸ்டில் வெளியிட்ட அறிக்கை, தடுத்துவைக்கப்பட்டிருந்தவர்களின் வாக்குமூலங்களையும் ஆவணங்களையும் வைத்து எழுதப்பட்டது. சீன அரசு அதை முழுமையாக மறுக்கிறது. அந்த வழக்கை ரொட்டிக் கடையின் முன்னால் நின்று தீர்க்க முடியாது. சாட்சி சொல்லும் தகுதி தனக்கு எதில் இருக்கிறது, எதில் இல்லை என்று தெரியாத பயணி, தான் பார்க்காததற்கும் சாட்சி சொல்லிவிடுகிறார். அதைத்தான் நான் குறையாகச் சொல்கிறேனே தவிர, ரொட்டியைக் காட்டியதை அல்ல.

ஒரு வேடிக்கை: 2007-இல் வெளிவந்த ‘தி கைட் ரன்னர்’ என்ற ஹாலிவுட் படத்தில் காபூலாக வருவது காஷ்கர். போர் காரணமாக ஆப்கானிஸ்தானில் எடுக்க முடியாமல் இங்கே வந்து எடுத்தார்கள். இடிப்பதற்கு முந்தைய காஷ்கரின் சந்துகளை இன்று பெரிய திரையில் பார்க்க வேண்டுமென்றால், அதைக் காபூல் என்று சொல்லும் ஒரு கதைப்படத்தில் பார்க்கலாம்.

---

நெறியாளர் எழுதியது:

இருவர் நீக்கப்பட வேண்டிய மொழியில் எழுதிய பதிவுகளை அகற்றியிருக்கிறேன். எல்லைப் பிரச்சினைக்குத் தனி இழை இருக்கிறது. இங்கே படங்களைப் பற்றி மட்டும் பேசவும்.

---

ஈப்போத் தமிழன் எழுதியது:

யாங்சி ஆற்றுக் கப்பல் பயணத்தைப் பற்றிய ஆவணப்படம் ஒன்றை இங்கே யாரும் குறிப்பிடவில்லையே. கனடா நாட்டு இயக்குநர் யுங் சாங் எடுத்த ‘அப் த யாங்சி’, 2007. நாங்கள் கப்பலில் போவதற்கு முன் பார்த்தோம். பார்த்திருக்கக் கூடாது என்று என் மனைவி சொன்னார்.

மூன்று பள்ளத்தாக்கு அணை எழும்பி நீர்மட்டம் ஏறிக்கொண்டிருந்த காலம். முழுகப்போகும் கரைகளைக் கடைசியாகப் பார்க்க வெளிநாட்டுப் பயணிகள் சொகுசுக் கப்பலில் வருகிறார்கள். அதே கப்பலில் பாத்திரம் கழுவ ஒரு சிறுபெண் வேலைக்குச் சேர்கிறாள். அவளுடைய பெற்றோரின் குடிசை முழுகப்போகும் கரையில்தான் இருக்கிறது. பணியாளர்களுக்கு ஆங்கிலப் பெயர் வைக்கிறார்கள், விருந்தினரிடம் அரசியல் பேசக் கூடாது என்று பாடம் நடத்துகிறார்கள். பயணிகளை இறக்கி, இடம்பெயர்ந்தோருக்குக் கட்டிக்கொடுத்த நல்ல வீடு ஒன்றைக் காட்டுகிறார்கள். இன்னோர் இடத்தில் கடைக்காரர் ஒருவர் சாதாரணமாகப் பேசிக்கொண்டே வந்து, நடுவில் உடைந்து அழுகிறார். முடிவில் கேமரா ஓர் இடத்தில் அசையாமல் நிற்க, நீர் மெல்ல ஏறிக் குடிசையை மூடுகிறது. அதற்கு வருணனை எதுவும் இல்லை.

பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் இடம்பெயர்ந்தார்கள் என்று எல்லாப் பயணப் படங்களும் ஒரு வரி சொல்கின்றன. 1992-இல் தேசிய மக்கள் பேரவையில் அந்த அணைத் திட்டம் வாக்கெடுப்புக்கு வந்தபோது 177 பேர் எதிர்த்தார்கள், 664 பேர் வாக்களிக்காமல் ஒதுங்கினார்கள் என்பதை ஒரு பயணப் படம்கூடச் சொல்லி நான் கேட்டதில்லை. கைதூக்கும் அவை என்று பெயரெடுத்த இடத்தில் அது சிறிய செய்தியல்ல.

---

பொறியாளர்_சேலம் எழுதியது:

அந்த அணையின் சுழலிகளைப் பற்றி நான் ஒரு பக்கம் எழுத முடியும்; எழுதவில்லை. இந்தப் படத்தைப் பார்க்கிறேன்.

---

கல்வெட்டுக்கிளி எழுதியது:

இதுவரை வெள்ளைக்காரர் எப்படிக் காட்டினார், சீனர் எப்படிக் காட்டினார் என்று பேசினோம். நம்மவர் காட்டுவதையும் கொஞ்சம் பார்ப்போம். சீனாவுக்குப் போகும் தமிழ்க் காணொளிக்காரர்கள் அண்மையில் சுவான்சோ துறைமுக நகரத்தைக் கண்டுபிடித்திருக்கிறார்கள். கையுவான் புத்தர் கோயிலில் கண்ணனும் நரசிம்மரும் செதுக்கிய தூண்கள் இருக்கின்றன. அங்கே கிடைத்த 1281-ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டும் உண்டு. உடனே தலைப்பு வைத்துவிடுகிறார்கள்: ‘சீனாவை ஆண்ட தமிழன்’.

கல்வெட்டு சொல்வது வேறு. சகம் 1203, சித்திரை மாதத்துச் சித்திரை நாளில், தவச்சக்கரவர்த்தி சம்பந்தப் பெருமாள் என்பவர், செகசை கானின் ‘பர்மான்’படி (அரச ஆணைப்படி), அந்தக் கானின் உடல்நலத்துக்காகத் திருக்கதலீசுவரம் உடைய நாயனாரை எழுந்தருளச் செய்தார் என்கிறது. மங்கோலியப் பேரரசர் குப்ளாய் கான் சீனாவை ஆண்ட காலம். அதாவது, வந்த ஊரில் அனுமதி வாங்கி, அந்த ஊர் அரசன் நலமாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டு, கடல் கடந்த ஒரு சமூகம் தன் சாமிக்கு ஓர் இடம் பிடித்திருக்கிறது. நாட்டை ஆண்டவன் எழுதியதல்ல, பிழைக்கப் போனவன் எழுதியது. ‘பர்மான்’ என்ற பாரசீகச் சொல் தமிழ் எழுத்தில், சீன மண்ணில் கிடக்கிறதே, அந்த ஒரு சொல்லில் இருக்கும் கடல் வணிகத்தை எந்தக் காணொளியும் நின்று பார்க்கவில்லை. புலிக்கொடியின் வரைகலை பறந்ததோடு சரி.

---

திண்ணைப்பயணி எழுதியது:

கேட்டது ஒரு கேள்வி, கிடைத்தது ஒரு மாதப் பாடம். அனைவருக்கும் நன்றி. எங்கள் தெரு நூலகத்தின் மாடியில் மாதம் ஒரு படம் போடுகிறோம். இருபது பேர் வருவார்கள். அடுத்த மாதம் அந்த இத்தாலியப் படத்தின் முதல் பகுதியைத் திரையிடலாம் என்று இருக்கிறோம். தமிழில் துணையுரை இல்லை. குரல்பதிவாளன் அவர்களுக்கு நேரமிருந்தால் முதல் இருபது நிமிடங்களுக்காவது எழுதித் தர இயலுமா?

---

குரல்பதிவாளன் எழுதியது:

எழுதித் தருகிறேன். பெரிய வேலை இல்லை. அந்தப் படத்தில் பேச்சே குறைவு. நேற்று இரவு தொடக்கத்தைப் பார்த்தேன். பெய்ஜிங் மருத்துவமனையில் ஒரு பெண்ணுக்கு ஊசி குத்தியே மரத்துப்போகச் செய்து, வயிற்றைக் கீறிக் குழந்தையை எடுக்கும் காட்சி வருகிறது. அவர் விழித்தபடி மருத்துவர்களோடு பேசிக்கொண்டிருக்கிறார். அந்தக் காலத்தில் வெளிநாட்டு விருந்தினர் பலருக்கும் அதைப்போன்ற அறுவை சிகிச்சையைக் காட்டுவது வழக்கம் என்பதால், அதைத் திரையிடலுக்கு முன் நீங்கள் வாயால் சொல்லிவிடுங்கள். துணையுரையில் சேர்க்க மாட்டேன். நீண்ட மௌனங்களை அப்படியே விட்டுவிடுகிறேன்.

ஒரே ஓர் ஐயம். ‘குத்தூசி மருத்துவம்’ என்று போட்டால் வரும் இருபது பேருக்கும் புரியுமா, ‘அக்குபங்சர்’ என்றே போடட்டுமா?